ஆற்றுப்படத்தில் ஒரு லொறி

கிண்ணியாவில் படகுகளுக்குப் பெயரும் நம்பரும் எழுதுகிறவள் அஸ்மியா. பொம்பிளை எழுதின நம்பரோடு கடலுக்குப் போவதா என்று முகம் சுளித்தவர்களே இப்போது அவள் வாசலில் வந்து நிற்கிறார்கள். அதில் எனக்குத் தனிச் சந்தோசம். நான் பக்கத்து வீட்டு ஆட்டோக்காரன். அவளை அக்கா முறையில் ராத்தா என்றுதான் கூப்பிடுவேன்.

இறக்கக்கண்டியில் ஹோட்டல் கட்டிய நௌபர் முதலாளி ஒருநாள் அவளிடம் ஓர் அச்சுப்படத்தைக் கொடுத்தார். நூற்றைம்பது வருசத்துக்கு முன் பிரான்சில் யாரோ வரைந்த ஆற்றுப் பள்ளத்தாக்கு. அதே மாதிரி நம் மகாவலியை வரைந்து தரவேண்டுமாம், சாப்பாட்டு மண்டபத்தில் மாட்ட.

அஸ்மியா இரண்டு நாள் அந்தப் படத்தைப் பார்த்தாள். கலங்கின தண்ணீர், சேறு அப்பிய மாடு, முறிந்து கிடந்த கிளை.

"இந்த மனுசன் ஆத்தங்கரையில குந்தியிருந்து, கண்ணால கண்டதத்தான் வரைஞ்சிருக்கார். நானும் அப்படித்தான் வரைவன்," என்றாள்.

ஏழு நாள் காலையில் அவளை மகாவலி கங்கைக்கரையில் இறக்கிவிட்டேன். அங்கே காண என்ன இருந்தது? மண் அள்ளி அள்ளிக் கரை பாதாளமாகக் கிடந்தது. மருத மரங்களின் வேர்கள் அந்தரத்தில் தொங்கின. மண் அள்ளத் தடைசெய்த இடம். ஆனாலும் மண் தோண்டிய கிடங்குக்குள் ஒரு லொறி. எல்லாவற்றையும் வரைந்தாள். லொறியின் நம்பரையும் எழுதினாள். நம்பர் இல்லாமல் விட அவள் கைக்கு வராது. லொறி யாருடையது என்று அவள் கேட்கவும் இல்லை.

படத்தைக் கொண்டுபோய் ஹோட்டலில் நிறுத்தினோம். நௌபருக்கு முகம் கறுத்துப்போனது.

"இது என்ட லொறியெல்லோ! கிடங்கு கிடக்கட்டும், நம்பர மட்டும் அழிச்சுத் தாங்க, தங்கச்சி."

"லொறி அங்க நிண்டது, முதலாளி."

"நாலு பேர் வந்து பாக்கிற இடம். அழிக்காட்டி, இந்தப் பக்கம் ஒருத்தரும் உங்களுக்குப் படகு தரமாட்டாங்க. நான் சொன்னா சொன்னதுதான்."

அவர் சொன்னால் நடக்கும். அவள் வீட்டில் அடுப்பு எரிவது படகு வேலையில்தான்.

"அழிச்சிட்டு வாங்க, ராத்தா," என்று காதுக்குள் சொன்னேன். சொன்னதற்கு இன்றைக்கும் வெட்கப்படுகிறேன்.

அஸ்மியா பையிலிருந்து பெயின்ட் டப்பாவையும் சின்னப் பிரஷ்ஷையும் எடுத்தாள். நௌபருக்கு நிம்மதி, கதிரையை அவரே இழுத்துப் போட்டார். அவள் உட்கார்ந்து, லொறியின் நம்பரை முதல் எழுத்திலிருந்து கடைசி இலக்கம் வரை கறுப்பால் இன்னொரு முறை எழுதினாள்.

"ஒரு கோட் பெயின்ட் காணாது, முதலாளி," என்றாள். "கெதியா மங்கிரும்."