தாய்மாமன் மடிக்கு ஒரு ஊசி: கீழக்குயில்குடி போய்வந்த கதை

போன ஆவணியில், கீழக்குயில்குடி மலையடிவாரத்தில் இருக்கும் என் வீட்டுக்காரரின் குலதெய்வக் கோயிலில், எங்கள் பதினோரு மாத யாழினிக்குக் காதுகுத்து வைத்தோம். கைக்குழந்தையோடு கோவையிலிருந்து அந்தப் பக்கம் போக நினைப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். வழி சுலபம்தான். என்னைப் படுத்தியெடுத்தது என் தம்பி.

காதுகுத்தும்போது குழந்தை தாய்மாமன் மடியில் இருக்க வேண்டும். எனக்கு ஒரே தம்பி, கதிர். பதினெட்டு வயது, ஒத்தக்கடைப் பக்கம் கல்லூரி விடுதி. யாழினிக்கோ பிறவியிலேயே எதிர்ப்பு சக்தி குறைவு. "இவளுக்கு ஊசி போட்டாலும் உடம்பு முழுசா ஏத்துக்காதும்மா. சுத்தி இருக்கிறவங்க போட்டுக்கிறதுதான் இவளுக்குக் காவல்" என்றார் டாக்டர். மூளையுறைக் காய்ச்சலைக் கொண்டுவரும் ஒரு கிருமி, கதிர் வயசுப் பிள்ளைகளின் தொண்டையில் சத்தமில்லாமல் குடியிருக்குமாம். அவர்களுக்கு ஒன்றும் தெரியாது. இருமல், எச்சில், ஒரே அறையில் நெருங்கிப் படுப்பது என்று அடுத்தவருக்குத் தாவிவிடும். அதற்கான ஊசிகளில் ஒரு வகை, போட்டவரைக் காப்பதோடு கிருமி தொண்டையில் தங்குவதையும் குறைக்குமாம்.

போனில் சொன்னதும் கதிரின் குரல் இறங்கிவிட்டது. ஊசி என்றால் கட்டிலுக்கு அடியில் ஒளிகிற ஜென்மம் அவன்.

"அக்கா, நாங்க யாரும் வாய் வச்சுத் தண்ணி குடிக்க மாட்டோம். அண்ணாந்துதான். எச்சில் எங்க படுது?"

"ஒரே ஜிகர்தண்டாவ ஒரே ஸ்பூன்ல நாலு பேரு சாப்பிடுறீங்களே, அதுவும் அண்ணாந்தாடா?"

ஊசி பிடிக்க நாளாகும், விசேஷத்துக்கு இரண்டு வாரம் முன்பே போட்டாக வேண்டும், இல்லையென்றால் மடி கிடையாது என்று கறாராகச் சொல்லி போனை வைத்தேன். வைத்துவிட்டு அழுதேன். அதன் பிறகு எப்போது கேட்டாலும் "வாரேன்க்கா, வாரேன்" என்பதோடு சரி.

கூட்டம் வேண்டாம் என்று புதன்கிழமையாகப் பார்த்து, காலை ஐந்தரைக்குக் கோவையில் பஸ் ஏறினோம். சமயநல்லூர் வரை தூங்கிய யாழினி, அதற்கப்புறம் பஸ்ஸையே இரண்டாக்கிவிட்டாள். பதினொரு மணிக்கு ஆரப்பாளையம். அங்கிருந்து ஆட்டோ, சுமார் பன்னிரண்டு கிலோமீட்டர், முந்நூற்றைம்பது ரூபாய்.

"காதுகுத்தா தங்கச்சி? தாய்மாமன் எம்புட்டு சீர் செய்றாரு?" என்று கேட்டார் ஓட்டுநர்.

"அவன் ஊசி போட்டுட்டு வந்தாலே போதும்ணே."

அண்ணன் கண்ணாடியில் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

கோயில் ஆலமரத்தடியில் புது வேட்டியில் நின்றான் கதிர். பக்கத்தில் இரண்டு பையன்கள்.

"போட்டேன்க்கா. மூணு வாரமாச்சு. கண்ண மூடிக்கிட்டு அருள் கையப் பிடிச்சுக்கிட்டேன். இவனுகளும் போட்டானுக. ரூம்ல நான் மட்டும் போட்டு, இவனுக இருமுறத வாங்கியாந்து பாப்பாகிட்ட குடுக்கவா?"

"அருள் யாருடா?" என்று கேட்டேன்.

தாமரைக்குளத்துப் பக்கம் கைகாட்டினான். ஒல்லியாக ஒருத்தன் தனியே நின்றிருந்தான். "எங்க ரூம்ல நாலாவது ஆளு. அவன் போன வாரந்தான் போட்டான். ரெண்டு வாரம் ஆகலைல, அதான் கிட்ட வர மாட்டேங்கிறான்."

ஆசாரி காது குத்தியதும் யாழினி வீறிட்டாள். மடியில் அவளை இறுக்கிக்கொண்டு, கண்ணை மூடியபடி கதிரும் அழுதான். என் மகள் அவள் மாமன் மடியில் இருந்தாள். அது போதும் எனக்கு.

போகிறவர்களுக்கு: வெயிலுக்கு முன்பே வேலையை முடியுங்கள், குழந்தைக்கு வெந்நீரைக் கையோடு கொண்டு போங்கள். வீட்டில் பலவீனமான குழந்தை இருந்தால், ஊசி பற்றி உங்கள் டாக்டரிடம் முன்கூட்டியே கேளுங்கள். அந்த ஊசி கிருமியின் எல்லா வகையையும் தடுக்காது. காய்ச்சலோடு கடும் தலைவலி, கழுத்து விறைப்பு என்றால் யோசிக்காமல் ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள்.

சாப்பாட்டு இலை போட்டதும் ஒரு தட்டில் சோறு எடுத்துக்கொண்டு, யாழினியை இடுப்பில் வைத்தபடி குளத்துப் பக்கம் நடந்தேன். அருள் பதறிப் பின்வாங்கினான்.

"அங்கேயே நில்லுங்கக்கா! பாப்பாவக் கூட்டியாராதீங்க. அடுத்த மாசம் நானே வந்து தூக்கிக்கிறேன்."

தட்டைக் கல்லில் வைத்துவிட்டு, அவளைத் தூக்கிக் காட்டினேன். அவன் அங்கிருந்தே கையசைத்தான். காதுகுத்துப் படம் எதிலும் அவன் இல்லை. ஆனால் யார் கேட்டாலும் சொல்கிறேன், யாழினிக்குத் தாய்மாமன் நாலு பேர்.