நின்றபடி தலைகீழாக

சர்க்கரை கூடிவிட்டது, தினமும் சைக்கிள் மிதியுங்கள் என்று டாக்டர் சொல்லிவிட்டார். நாகர்கோவிலில் போய் ஒன்று வாங்கினேன். இந்தக் காலத்து சைக்கிள் சீட்டைப் பார்த்திருக்கிறீர்களா? அது உட்காருவதற்காகச் செய்ததல்ல. உட்கார ஆசைப்பட்டதற்கான தண்டனை. பூதப்பாண்டி ரோட்டில் முதல் பள்ளத்தில் இறங்கி ஏறியதும், உடம்பின் ஒரு குறிப்பிட்ட இடத்திலிருந்து ஒரு பழைய வலி, "என்னைத் தெரியுதா?" என்று கேட்டது. கூடவே புது ரெக்சின் வாசம். வயலோரம் காலூன்றி நின்று தனியாகச் சிரித்துக்கொண்டிருந்தேன்.

எருமை குளிப்பாட்டிக்கொண்டிருந்தவர் தலையைத் தூக்கினார். "ஓய், விழுந்துட்டீரா?"

"இல்ல, பழசு ஒண்ணு ஞாவகம் வந்து."

"ஞாவகம் வந்தா தலையைல்லா சொறியணும். நீரு ஏன் அங்கன தடவுதீரு?"

அவரிடம் சொல்ல நேரமில்லை, உங்களிடம் சொல்கிறேன்.

கல்யாணத்துக்கு முன்னால் நான் கல்ஃபில் ஒரு பொழுதுபோக்குப் பூங்காவில் வேலை பார்த்தேன். அம்மா ஊரில் எல்லோரிடமும் "மெசின் லைன்ல இருக்கான்" என்று சொல்லிவைத்திருந்தாள். உண்மைதான். அந்த மெஷின் ஆட்களைத் தலைகீழாகக் கவிழ்க்கும் என்பதை மட்டும் விட்டுவிட்டாள். ரோலர் கோஸ்டர். அதிலும் நின்றுகொண்டே போகிற ரோலர் கோஸ்டர்.

அதில் இருக்கையே கிடையாது. முதுகுக்கு ஒரு பலகை, தோளுக்கு மேல் இறங்குகிற கனத்த பட்டை, கால்களுக்கு நடுவே சைக்கிள் சீட் மாதிரி ஒரு சின்ன ரெக்சின் திண்டு. ஏறுகிறவர் காலை அகட்டி நின்று, திண்டைத் தன் உயரத்துக்கு இழுத்துவிட்டு, முட்டியை லேசாக மடக்க வேண்டும். நான் ஒவ்வொன்றாக அசைத்துப் பார்த்த பிறகு பூட்டு விழும். முட்டியை மடக்கியவனுக்குப் பாரமெல்லாம் காலில் இறங்கும். விறைத்து நின்றவனுக்குத் திண்டு உயரத்தில் பூட்டிக்கொள்ளும். முதல் இறக்கத்தின் அடியில் உடம்பு அமுங்கும்போது மொத்தப் பாரமும் அதன்மேல்தான். முதல் நாள் ஏறிப் பார்த்தபோது நானும் விறைத்துத்தான் நின்றேன். குடும்பத்தோடு படிப்பீர்கள், இதற்குமேல் விளக்க வேண்டாம்.

இவ்வளவு இம்சைக்கும் வரிசை வெயிலில் வளைந்து வளைந்து நிற்கும். காரணம் இருந்தது. உட்கார்ந்துகொண்டு தலைகீழானால் நாம் வெறும் லக்கேஜ். நின்றுகொண்டு தலைகீழானால் உள்ளங்காலுக்கே தெரியும், தரை இருந்த இடத்தில் இப்போது ஆகாயம் இருக்கிறது என்று. கூடுவாஞ்சேரிக்காரனும் கெய்ரோக்காரனும் இறங்கி வந்து ஒரே முழி முழிப்பார்கள். எனக்கு மட்டும் அது புதிதாகப் படவில்லை. திற்பரப்புக்குப் போகிற பஸ்ஸில் ஒற்றைக்கால் படியில், மறுகால் யார்மேல் இருக்கிறதென்று தெரியாமல் காலேஜுக்குப் போனவன் நான். எங்கள் ஊர் வளைவுகளை வெளிநாட்டான் காசு வாங்கிக்கொண்டு விற்கிறான் என்றுதான் தோன்றியது.

பஸ் என்றதும் மாமா வந்துவிடுகிறார். அப்போது அவர் மாமா ஆகவில்லை. ஆவாரா என்பதுதான் கேள்வி. ரிட்டயரான கண்டக்டர். அவருடைய பெண்ணைப் போட்டோவில் பார்த்த நாளிலிருந்து எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. ஆனால் வட்டக்கோட்டைப் பக்கம் ஒரு பேங்க் கிளார்க்கும் பெண் கேட்டிருந்தான். மெஷின் லைனுக்கும் பேங்குக்கும் நடுவில் ஊசலாடிய மனுஷன், அங்கேயே வேலை பார்த்த மகனைப் பார்க்க விசிட் விசாவில் வந்தவர், ஒரு வெள்ளிக்கிழமை மகனையும் கூட்டிக்கொண்டு என் வேலையை நேரில் பார்க்க வந்துவிட்டார். எங்கள் பக்கத்தில் மாப்பிள்ளையை ஒருமுறை பார்த்தால் போதும். வேலையைத்தான் மூன்று தலைமுறைக்கு விசாரிப்பார்கள்.

மேலே ரயில் கவிழ்ந்து போவதை அண்ணாந்து பார்த்தார்.

"தம்பி, இதுதான் அந்த மெசினா?"

"ஆமா மாமா."

"ஆளுவ நின்னுட்டுல்லா போவுதானுவ!" முகம் மலர்ந்துவிட்டது. "நான் ஏறுகேன்."

மகன் பதறினான். "அப்பா, வேண்டாம். நான் பாத்தே தலை சுத்தி நிக்கேன்."

"நீ சீட்டுல இருந்து வேல பாக்குதவன். உனக்குச் சுத்தும். ஓடுத வண்டியில கம்பி பிடிக்காம நின்னு டிக்கெட்டு கிழிச்சவம்லே நான்."

வேட்டியோடு ஏற்ற முடியாது, நடுவில் திண்டு இருக்கிறது என்றேன். என் உபரி யூனிஃபார்ம் பேண்ட்டைக் கொடுத்தேன். கீழே நாலு மடிப்பு மடித்து, மேலே மகனுடைய பெல்ட்டை இறுக்கி வந்து நின்றார். வேட்டியைக் கையில் வாங்கிக்கொண்டு மகன் நிழல் தேடி டீக்கடைப் பக்கம் போய்விட்டான்.

இப்போது என் நிலைமையை நினைத்துப் பாருங்கள். திண்டு சரியான உயரத்தில் இருக்கிறதா என்று கைவைத்து அசைத்துப் பார்ப்பது என் உத்தியோகம். நாளைக்கு யார் காலில் விழுந்து எழும்ப வேண்டுமோ, அவருடைய கால்களுக்கு நடுவே!

"மாமா, முட்டியைக் கொஞ்சம் மடக்குங்க."

"ஏன்?"

"நல்லதுக்குத்தான்."

"கண்டக்டர் முட்டு மடக்குனா பிரேக்கு போடும்ப டிரைவர் மடியில கெடப்பான் மக்கா. நீ ரைட்டு குடு."

"மாமா, இது பஸ் இல்ல..."

"ரைட்டு!" என்று அவரே குரல் கொடுத்தார். பூட்டு விழுந்தது. மக்கா என்று அவர் சொன்னதில் மயங்கியிருந்தேன். அதை எங்கள் ஊரில் பால்காரனையும் சொல்வார்கள் என்பது பிறகுதான் உறைத்தது.

வண்டி சங்கிலியில் ஏறியது. மாமா விறைப்பாக, இடது கையைக் கக்கத்தில் பை இருக்கிற பாவனையில் இடுக்கிக்கொண்டு ஏறினார். உச்சி தாண்டியது. முதல் இறக்கத்தின் அடியில் ஒரு கணம் எல்லாச் சத்தமும் நின்ற மாதிரி இருந்தது. அதன்பிறகு பஸ்ஸை நிறுத்தச் சொல்கிற கண்டக்டர் குரல் பாலைவனம் முழுக்கக் கேட்டது:

"ஹோல்டான்! ஹோல்டான்லே!"

வண்டி கவிழ்ந்தது. வட்டத்தின் உச்சியிலிருந்து, "ஆளு எறங்கணும்!"

பக்கத்தில் நின்ற பிலிப்பினோ நண்பன், என்ன பிரார்த்தனை அது என்று பயபக்தியோடு கேட்டான். பிரார்த்தனைதான் என்றேன். வளைவுகளில் பஸ்ஸில் சாய்கிற மாதிரி மாமா எதிர்ப்பக்கம் சாய்ந்து பார்த்தார். பட்டை விடவில்லை, இரண்டு காதிலும் மாறி மாறிக் கொடுத்தது.

இறங்கியபோது இரண்டு காலும் ஒன்றையொன்று பார்க்க மறுத்தன. பேங்க் கிளார்க் என் கண்ணில் மாலையோடு நின்றான். தண்ணீர் கொண்டு ஓடினேன். பாட்டில் முழுவதையும் குடித்துவிட்டு, மகன் வருகிறானா என்று பார்த்துக்கொண்டார்.

"தம்பி, சத்தம் கேட்டுதோ?"

"என்ன சத்தம் மாமா?"

"கள்ளம் பறையாத."

"லேசா கேட்டுது."

"என்னன்னு?"

"ஹோல்டான்னு."

"பொறவு?"

"ஆளு எறங்கணும்னு."

கண்ணை மூடிக்கொண்டார். "அதுக்கும் பொறவு ஒண்ணு சொன்னேன். அது கேக்கல்லியே?"

"இல்ல மாமா." கேட்டிருந்தது. இங்கே எழுத முடியாது.

"டிப்போவுல தெரிஞ்சா சவத்துப் பயலுவ என்னை நாண்டுக்கிட வச்சிருவானுவ. வேற தமிழாளு யாரும் உண்டுமா?"

"நான் மட்டுந்தான்."

என்னை ஏற இறங்கப் பார்த்தார். ஏதோ ஒரு பெரிய கணக்கு அவருக்குள் ஓடி நின்றது.

"வெளி ஆளு வாய எப்படி நம்ப? இது குடும்பத்துக்குள்ளயே இருக்கட்டும். முழிக்காத. மாசியில லீவு கெடைக்குமா?"

கிடைத்தது. உயிரைக் கொடுத்து நான் காத்த ரகசியத்தை, கல்யாணப் பந்தியில் இரண்டாம் பாயசத்துக்குப் பிறகு அவரே எழுந்து நின்று, கவிழ்கிற ஆக்ஷனோடு சொன்னார். டிப்போக்காரர்கள் இலையை மூட மறந்தார்கள்.

வீடு திரும்பி சைக்கிளைச் சுவரில் சாத்தியதும் அந்தப் பிலிப்பினோ நண்பனுக்கு மெசேஜ் அனுப்பினேன். அவன் இன்னும் அங்கேதான். உடனே ஒரு படம் அனுப்பினான். அதே தண்டவாளம், அதே நீலப் பெயின்ட். வண்டியில் மட்டும் வரிசையாக இருக்கைகள். நின்று போவதெல்லாம் எப்போதோ முடிந்துவிட்டதாம். ஒவ்வொருவர் உயரத்துக்கும் திண்டைப் பூட்டுவதற்குள் வரிசை கெட்ட வார்த்தை பேச ஆரம்பித்துவிடும், அது எனக்கும் தெரியும். ஒருமுறை ஏறியவன் வாழ்நாள் முழுக்கப் பெருமை பேசுவானே தவிர, மறுபடி ஏற மாட்டான். காலைத் தொங்கப் போட்டுப் பறக்கிற வண்டிகள் வந்ததும் கூட்டம் அங்கே போய்விட்டது. இப்போது வந்து உட்காருகிறார்கள், ஒரு பெல்ட், ஒரு கிளிக். வண்டி கிளம்புகிற வரை போனைப் பார்க்கிறார்கள். உட்கார்ந்தால் எல்லோரும் ஏறக்குறைய ஒரே உயரம்தானே, யாரையும் நிமிர்ந்து பார்க்க வேண்டிய தேவை ஊழியனுக்கும் இல்லை.

படத்தை வீட்டுக்காரியிடம் காட்டினேன்.

"இதுல ஏறியிருந்தா உங்க அப்பா என்ன செய்திருப்பாரு?"

"கண்ண மூடிட்டு இருந்து, மூச்சு காட்டாம எறங்கி வந்திருப்பாவ."

"அப்ப நம்ம கல்யாணம்?"

"பேங்குக்காரனுக்குக் குடுத்திருப்பாவ" என்றாள். போனை வாங்கி, படத்தைப் பெரிதாக்கி, அந்த இருக்கைகளைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தாள். "நல்ல மெத்து மெத்துன்னுல்லா இருக்கு."