இடது கோடியில் நின்றவள்

பிள்ளையார்பாளையத்தில் திருஞானசம்பந்தத்துக்குத் தெரியாத விஷயமே கிடையாது. தெரியாததை யாரும் அவரிடம் கேட்டதில்லை, அவ்வளவுதான். முப்பத்தைந்து வருடமாகப் பட்டு நெய்கிறவர். தறியில் கை ஓயாது, வாய் அதைவிட ஓயாது.

மூன்று வருடம் முன்பு கல்யாணப் புடவை ஒன்றைக் கொடுக்கச் சென்னைக்குப் போனவர், மூர் மார்க்கெட்டிலிருந்து ஒரு பழைய எஃப்.எம். ட்யூனரோடு வந்து இறங்கினார். துணைக்கு ஓர் ஆம்ப்ளிஃபயர், இரண்டு ஸ்பீக்கர் பெட்டிகள். எழுபத்தெட்டில் ஜப்பான்காரன் செய்ததாம். ஸ்டீரியோ சரியாகக் கிடைத்தால் முகப்பில் ஒரு சிவப்பு விளக்கு எரிய வேண்டும். "வீணை இந்தப் பொட்டியில, மிருதங்கம் அந்தப் பொட்டியில. கச்சேரிக்கு நடுவுல குந்திக்கினு கேக்கறா மாதிரி இருக்கும்பா" என்று தெரு முழுக்க அளந்துவிட்டார். விளக்கோ கண்ணைச் சிமிட்டும், அணையும், மறுபடி சிமிட்டும். கூடவே எண்ணெயில் வடகம் பொரிகிற இரைச்சல்.

மனிதர் சும்மா இருக்கவில்லை. மூடியைக் கழற்றி ஊதினார். ஒயரை மாற்றினார். ஆயுத பூஜையன்று தறிக்குப் பொட்டு வைத்த கையோடு ட்யூனருக்கும் வைத்தார். மோனோ பட்டனை அமுக்கினால் இரைச்சல் போய்விடும், ஆனால் எல்லாம் கலந்து ஒரே குரலாக வரும். "அதுக்கு எதுக்குடா ரெண்டு பொட்டி?" என்று அதைத் தொடவே மாட்டார். பெங்களூரிலிருந்து மகள் காயத்ரி, "போன்லயே கேக்கலாமேப்பா" என்றபோது பேச்சையே மாற்றிவிட்டார்.

இந்தக் கூத்தையெல்லாம் அவர் மனைவி புவனேஸ்வரி தறிக்குப் பக்கத்தில் ராட்டினத்தில் ஊடை நூலைத் தாராகச் சுற்றியபடி பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். பிரதோஷத்துக்குப் பிரதோஷம் கச்சபேஸ்வரர் கோயிலில் தேவாரம் பாடும் பன்னிரண்டு பெண்களில் அவளும் ஒருத்தி. போன மாதம் சென்னை எஃப்.எம். வானொலியிலிருந்து வந்து, மண்டபத்தில் இந்தப் பக்கம் ஒரு மைக், அந்தப் பக்கம் ஒரு மைக் வைத்துப் பதிவு செய்துகொண்டு போனார்கள். ஞாயிறு காலை ஆறரைக்கு ஒலிபரப்பு.

"பன்னெண்டு பேர்ல உன் குரல் எங்க கேக்கப் போவுது?" என்று சம்பந்தம் வாயை விட்டார். "அந்தத் தில்லையம்மா ஒருத்தி போதும். வெண்கலக் கடையில யானை பூந்தா மாதிரி. உன்னை எங்க கேக்க உடுவா?"

புவனேஸ்வரி ராட்டினத்தை நிறுத்தினாள்.

"நான் இடது கோடில நின்னேன். தில்லையம்மா வலது கோடி. உங்க பொட்டியில தனித்தனியாத்தான் கேக்குமே, என் குரல் எதுன்னு சொல்லுங்க பார்க்கலாம். சொல்லலைன்னா திங்கக்கிழமை இந்த டப்பா காயலான் கடைக்கு."

சம்பந்தம் சிரித்து வைத்தார். ஆனால் உள்ளே வேறு கணக்கு ஓடியது. டப்பா போனால் போகட்டும், முப்பத்திரண்டு வருடம் கூட வாழ்ந்தவளின் குரல் எதுவென்று தெரியாமல் முழித்தால்? அப்புறம் அந்த வீட்டில் எந்த முகத்தோடு காபி கேட்பது?

ஆகவே சனிக்கிழமை, வீம்பை மூட்டை கட்டி வைத்துவிட்டு, மைக் செட் யேசுதாஸைக் கூப்பிட்டார். யேசுதாஸ் ட்யூனரைத் தொடக்கூட இல்லை. நேரே மொட்டை மாடிக்கு ஏறினான். தண்ணீர்த் தொட்டியிலிருந்து இரும்புக் கம்பம் வரை ஆன்டெனா ஒயர் விறைப்பாக நின்றது. முடிச்சு ஒவ்வொன்றும் நெசவாளி போட்டது, குறை சொல்ல முடியாது.

"யாருண்ணா கட்டினது?"

"நான்தான். மெட்ராஸ் அந்தப் பக்கம். நேரா அதைப் பார்த்து நீட்டி வுட்டிருக்கேன். இழை வர்ற திக்குக்கு நேரா இருந்தாத்தானேப்பா சிக்கில்லாம வரும்?"

யேசுதாஸ் தலையில் கை வைத்துக்கொண்டான்.

"அண்ணா, இன்னாண்ணா இது? மூணு வருஷமா மெட்ராஸுக்கு முனையைக் காட்டிக்கினு இருக்கீங்க! அலை முனையில வந்து பட்டா ஒண்ணும் கிடைக்காது. அகலத்துல வந்து படணும். நீங்க பாவு நீட்டி வச்சிருக்கீங்க. இது ஊடை, குறுக்கப் போவணும்."

பாவுக்கும் ஊடைக்கும் தன்னிடமே ஒருவன் பாடம் எடுக்கிறானே என்று சம்பந்தத்துக்கு முகம் சிவந்தது. ஆனால் ஒயரைக் குறுக்கே திருப்பிக் கட்டிவிட்டுக் கீழே வந்து பார்த்தால், ட்யூனரில் அந்தச் சிவப்பு விளக்கு. சிமிட்டவில்லை. இரைச்சலும் நின்று, வடகச் சட்டி அடுப்பைவிட்டு இறங்கிவிட்டது. "நானும் அதைத்தான் நினைச்சேன்" என்றார் சம்பந்தம். யேசுதாஸ் மரியாதைக்குத் தலையை ஆட்டிவிட்டுக் கிளம்பினான்.

ஞாயிறு காலை ஆறே காலுக்கெல்லாம் குளித்து, திருநீறு பூசி, நாற்காலியை இடது பெட்டிக்கு எதிரே இழுத்துப் போட்டுக்கொண்டார். புவனேஸ்வரி வாசற்படியோரம் நின்றாள். பாட்டு ஆரம்பித்தது. இடது பெட்டியிலிருந்து கணீரென்று ஒரு குரல் எழுந்து மேலே போனது. சம்பந்தத்துக்கு மயிர் கூச்செறிந்தது.

"இதோ! இதுதான்! அடேயப்பா, இன்னா குரல் புவனா! தேன், தேன்! யானை பக்கத்துல வர முடியுமா?"

புவனேஸ்வரி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். சிரிப்பு அடங்க நேரம் பிடித்தது.

"அது தில்லையம்மாங்க."

"இடதுன்னு சொன்னியே!"

"பாடறவ இடது. மைக்கு எங்களுக்கு எதிர்லதானே இருந்தது? எதிர்ல இருக்கறவங்களுக்கு அது வலது." சிரிப்பு நின்றிருந்தது. "முப்பத்திரண்டு வருஷத்துல ஒரே ஒரு பிரதோஷம் எதிர்ல வந்து நின்னு கேட்டிருந்தா தெரிஞ்சிருக்கும்."

சம்பந்தம் எழுந்து, நாற்காலியைத் தூக்கி வலது பெட்டிக்கு எதிரே போட்டு உட்கார்ந்தார்.

அங்கே ஒரு மெல்லிய குரல். எங்கோ கேட்ட குரல் என்று முதலில் நினைத்தார். பிறகு உறைத்தது. தினமும் தறிக்குப் பக்கத்தில், ராட்டினம் சுற்றும்போது முணுமுணுக்குமே, அதுதான். அது ஆரம்பித்தால் ரேடியோ கேட்கவில்லை என்று, ஒவ்வொரு தடவையும் இவர் கையை நீட்டிச் சத்தத்தைக் கூட்டுவார்.

இப்போதும் கையை நீட்டிச் சத்தத்தைக் கூட்டினார். கண்ணைத் துடைத்துக்கொள்ளவும் வெட்கமாக இருந்தது.

"வர்ற பிரதோஷத்துக்கு நானும் வர்றேன்மா" என்றார், திரும்பாமல்.

"வாங்க" என்றாள் புவனேஸ்வரி. "வந்து எங்க நிப்பீங்க?"

"எதிர்ல. வலது பக்கமா."