பூக்கட்டிப் பார்த்து எழுதிய பரீட்சை

யுத்தம் ஆரம்பிப்பதற்கு முந்தைய வருஷம். அப்போது தருமபுரி தனி ஜில்லா இல்லை, சேலம் ஜில்லாவில் ஒரு தாலுகா. என் அப்பா பாப்பாரப்பட்டியில் பள்ளிக்கூட வாத்தியார். நான் தருமபுரியில் அத்தை வீட்டில் தங்கி ஹைஸ்கூலில் படித்து, எஸ்.எஸ்.எல்.சி. தேறிவிட்டு ஊருக்கு வந்திருந்தேன். எங்கள் வகுப்பில் பெண்கள் மொத்தமே மூன்று பேர்தான். முன் பெஞ்சில் பையன்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்தே படிப்பை முடித்தோம். கூடப் படித்தவர்களில் பாதிப் பேரின் முகம் எனக்குக் கடைசிவரை தெரியாது.

டாக்டராக வேண்டும் என்ற ஆசை சேவை செய்யும் எண்ணத்தில் வந்ததில்லை. உண்மையைச் சொல்லிவிடுகிறேன். ஒரு முறை பிளேக் ஊசி போட ஒரு லேடி டாக்டர் எங்கள் ஊருக்கு வந்தார். ஊரையே மிரட்டி வைத்திருந்த மணியக்காரர், சட்டைக் கையைச் சுருட்டிக்கொண்டு அந்த அம்மா முன்னால் பள்ளிக்கூடப் பையன் மாதிரி நின்றார். அதைப் பார்த்த அன்றே முடிவு செய்துவிட்டேன். சேவை எண்ணமெல்லாம் பின்னால் வந்து ஒட்டிக்கொண்டதுதான்.

அந்தக் காலத்தில் பெண்களுக்கென்று இருந்த ஒரு மருத்துவப் பள்ளியில் எஸ்.எஸ்.எல்.சி. இருந்தாலே நுழைவுப் பரீட்சை எழுதலாம். நாலு வருஷம் படித்தால் லைசென்ஸ் டாக்டர். நான் மனுப் போட்டிருந்தேன், பரீட்சை எழுத அனுமதிக் கடிதமும் வந்துவிட்டது. கடிதத்தோடு இன்னொரு காகிதமும் இருந்தது. இந்தப் படிப்புக்கு இதுதான் கடைசி வருஷமாம். இனிமேல் டிகிரிதானாம். அதற்கு இண்டர்மீடியட் தேறியிருக்க வேண்டும், பரீட்சையும் மாறும். எப்படி மாறும், என்ன கேட்பார்கள் என்று அதில் ஒரு வரிகூட இல்லை. பழைய பரீட்சைக்கு இருபது நாள் இருந்தது.

தருமபுரி போய் என் சயன்ஸ் வாத்தியாரைக் கேட்டேன். "லைசென்ஸ் டாக்டரைப் பாதி டாக்டர்னுதான் சொல்றாங்க. உன் மார்க்குக்கு ரெண்டு வருஷம் இண்டர் படிச்சிட்டு டிகிரிக்குப் போ" என்றார். அவ்வளவுதான், எனக்குத் தலை கனத்துவிட்டது. பாதி டாக்டராக நான் ஆவதா? பஸ்ஸில் ஊர் திரும்பும்போதே பெயருக்குப் பின்னால் டிகிரி போட்டுப் பார்த்துக்கொண்டேன். ஆனால் இன்னொன்றும் இருந்தது, அதை அப்போது யாரிடமும் சொல்லவில்லை. எனக்குப் பரீட்சை என்றால் பயம். எழுத்துப் பரீட்சைகூடப் பரவாயில்லை, அதற்கப்புறம் வெள்ளைக்காரம்மாக்கள் எதிரில் உட்கார்ந்து இங்கிலீஷில் பேச வேண்டும் என்று போட்டிருந்தது. தள்ளிப்போட ஒரு கௌரவமான காரணம் கிடைத்ததும் விட மனம் வரவில்லை.

அப்பா பாவம், காலையில் "இந்த வருஷமே எழுதிடு பாப்பா" என்பார், சாயங்காலம் "அவசரப்படறமோ" என்பார். இந்தச் சமயத்தில் காரிமங்கலத்திலிருந்து மாமா வந்தார். அம்மாவுடன் பிறந்த ஒரே அண்ணன். அவர் மகனுக்குத்தான் நான் என்று நான் தொட்டிலில் கிடந்தபோதே பேசி வைத்திருந்தார்கள். "அவசரம் என்னாத்துக்கு மாப்ள? இண்டர் படிச்சிட்டே போவட்டும். புள்ள எங்க ஓடிப்போவுது?" என்றார். என் கட்சிக்கு ஆள் சேர்ந்துவிட்டது என்று எனக்கு ஒரே சந்தோஷம். கல்யாணப் பேச்சு என் காதில் விழாமலில்லை. நான் படிப்பைத் தள்ளிப்போட்டால் கல்யாணமும் கூடவே தள்ளிப்போகும் என்று நினைத்துக்கொண்டேன். பதினேழு வயது புத்தி.

அம்மா எப்போதும் போல அடுப்படியில் களி கிண்டிக்கொண்டிருந்தாள். அவளிடம் யாரும் கேட்கவில்லை. நானும்தான் கேட்கவில்லை.

கடைசியில் அப்பாவே ஒரு வழி சொன்னார். எங்கள் பக்கம் எதிலும் முடிவு தெரியாவிட்டால் கோயிலில் பூக்கட்டிப் பார்ப்பார்கள். பெண் பார்க்கப் போவதா, கிணறு வெட்டுவதா, எல்லாவற்றுக்கும் அதுதான். வெள்ளைப்பூ ஒரு பொட்டலம், சிவப்புப்பூ ஒரு பொட்டலம். சாமி காலடியில் போட்டுப் பூசாரி ஒன்றை எடுப்பார். வெள்ளை வந்தால் இந்த வருஷமே எழுதுவது, சிவப்பு வந்தால் பொறுப்பது என்று பேச்சு. "நான் சொன்னா நாளைக்கு எம்மேல பழி வரும். மாரியாத்தா சொல்லட்டுங்க மச்சான்" என்று அப்பா நிம்மதியாகி விட்டார். பரீட்சை எழுதப் போகிறவளே பூவைக் கட்டட்டும் என்று வெள்ளை அரளியும் செவ்வரளியும் பறித்து என் கையில் கொடுத்தார்.

நான் என்ன செய்தேன் தெரியுமா? இரண்டு வாழைச் சருகிலும் செவ்வரளியை வைத்து, நார் போட்டு இறுகக் கட்டினேன். வெள்ளை அரளியை மாட்டுத் தொட்டிக்குப் பின்னால் வீசிவிட்டேன். சாமியை ஏமாற்றுகிறோமே என்று அப்போது தோன்றவே இல்லை. பொட்டலத்தைத் தட்டில் வைத்துவிட்டுக் குளிக்கப் போனேன்.

கோயிலுக்கு நாலு பேரும் நடந்தோம். தேங்காய் பழத்தட்டு அம்மா கையில். பூசாரி கற்பூரம் காட்டி, கண்ணை மூடிக்கொண்டு இரண்டு பொட்டலத்தையும் அம்மன் காலடியில் போட்டு, ஒன்றை எடுத்து நாரை அவிழ்த்தார். நான் முகத்தை வருத்தமாக வைத்துக்கொள்ளத் தயாராக இருந்தேன்.

வெள்ளை அரளி.

இரண்டிலும் சிவப்பு வைத்தவள் நான். வெள்ளை எங்கிருந்து வரும்? அம்மன் முகத்தை நிமிர்ந்து பார்க்கவே முடியவில்லை. அப்போது பார்த்து மாமா, "இன்னொண்ணயும் பிரிச்சுப் பாத்துரலாங்களா?" என்று பூசாரியைக் கேட்டார். என் உயிரே போய்விட்டது. அதில் சிவப்பு இருக்குமா, வெள்ளை இருக்குமா, இல்லை பாம்பே இருக்குமா என்றுகூட யோசித்தேன். அம்மாதான் சட்டென்று குனிந்து அதை எடுத்து மடியில் செருகிக்கொண்டாள். "ஆத்தா சொன்னதுக்கு மேல சோதிக்கறது தப்புங்ண்ணா" என்றாள். அந்த நேரத்தில் அவள் காலில் விழலாம் போல இருந்தது எனக்கு.

மாமா கன்னத்தில் போட்டுக்கொண்டார். "ஆத்தாளே போச்சொல்லிட்டா. நாம சொல்றதுக்கு என்ன இருக்குது?" என்றார். பேச்சோடு நிற்கவில்லை அந்த மனுஷன். பரீட்சைக்குப் புறப்படும் அன்று தன் மாட்டு வண்டியிலேயே வைக்கோல் பரப்பி, ஜமுக்காளம் விரித்து, அப்பாவையும் என்னையும் தருமபுரி ஸ்டேஷனுக்குக் கொண்டு போனார். அப்போது அங்கிருந்து மொரப்பூருக்கு ஒரு சின்ன ரயில் ஓடியது. பின்னால் யுத்தத்தில் அந்தத் தண்டவாளத்தையே பிடுங்கிவிட்டார்கள். எனக்குக் காராபூந்திப் பொட்டலம் வாங்கிக் கொடுத்து ஏற்றிவிட்ட மாமா, வண்டியைப் பாதையோரமாக ஓட்டிக்கொண்டு கொஞ்ச தூரம் கூடவே வந்தார். ரயிலின் வேகம் அப்படி. தன் வீட்டு மருமகளாக வர வேண்டியவளை வேறு ஊருக்கு ஏற்றி அனுப்பிவிட்டு, அவர் சாட்டையைத் தூக்கி ஆட்டியது இன்னும் என் கண்ணில் நிற்கிறது.

பரீட்சைக்கு மீதி இருந்த நாள் முழுக்க நான் படித்ததைப் போல அதற்கு முன் படித்ததில்லை. சாமியிடம் கையும் களவுமாக மாட்டியவள் பரீட்சையிலும் தோற்றால் என்ன ஆவது? வெள்ளைக்காரம்மா எதற்கு டாக்டராக வேண்டும் என்று கேட்டபோது, எழுதி மனப்பாடம் செய்திருந்த இங்கிலீஷ் எல்லாம் மறந்து, கடவுள் உத்தரவு என்று உளறிவிட்டேன். அவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துத் தலையாட்டினார்கள். இடம் கிடைத்துவிட்டது.

நாலு வருஷமும் அந்தப் பயத்திலேயேதான் படித்தேன். பிணத்தை அறுத்தபோது வராத நடுக்கம் செவ்வரளிச் செடியைக் கண்டால் வரும். மாமா மகனுக்கு அடுத்த தையில் வேறு இடத்தில் கல்யாணம் ஆயிற்று. அம்மா அத்தை முறைக்குச் செய்ய வேண்டிய சீரெல்லாம் செய்தாள், நான் லீவில் வந்து விருந்து சாப்பிட்டேன். தீபாவளிக்கும் பொங்கலுக்கும் மாமா எங்கள் வீட்டுக்கு வருவது ஒரு வருஷமும் நிற்கவில்லை. அந்தப் பாதி டாக்டர் பட்டத்தையும், வேலையில் சேர்ந்து சில வருஷம் கழித்து, சுருக்கப் படிப்பு ஒன்று படித்து முழுசாக்கிக்கொண்டேன்.

சுதந்திரம் வந்த அடுத்த வருஷம் மாமா இறந்துபோனார். பதினாறாம் நாள் காரியம் முடிந்து அம்மா என்னோடு இருக்க வந்தாள். நான் அப்போது ஒரு சின்ன ஊர் ஆஸ்பத்திரியில் இருந்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் முறத்தில் துவரை உரித்துக்கொண்டிருந்தவள் சாதாரணமாகச் சொன்னாள்:

"எங்கண்ணன் ஒரு நாளும் எங்கிட்ட மொகம் சுளிச்சதில்ல. அவருக்குத் தெரியாம நான் ஒரே ஒரு திருட்டு வேலதான் பண்ணியிருக்கறேன், அந்தப் பூ."

பூக்கட்டிப் பார்த்த அன்று மாட்டுத் தொட்டியில் தண்ணீர் ஊற்றப் போனவள், பின்னால் கிடந்த வெள்ளை அரளியைப் பார்த்திருக்கிறாள். தட்டிலிருந்த பொட்டலங்களைப் பிரித்தால் இரண்டும் சிவப்பு. இரண்டையும் எடுத்துவிட்டு, இரண்டிலும் வெள்ளையை வைத்துக் கட்டிவிட்டாள். நான் சாமியை ஏமாற்றியது பத்து வருஷமாக அவளுக்குத் தெரியும்.

"நீ படிப்பத் தள்ளிப்போடறேன்னு நெனச்ச. அதுக்குள்ள எங்கண்ணன் தை மாசத்துல கல்யாணத்துக்கு நாள் பாத்து வெச்சிட்டாரு பாப்பா."

"எங்கிட்டச் சொல்லியிருக்கலாமேம்மா?"

"சொன்னா நீ உங்கப்பாகிட்டச் சொல்லுவ, அவரு எங்கண்ணனக் கேப்பாரு. அப்புறம் எனக்குப் பொறந்த வூடு ஏது? ஆத்தா வாயால வந்தா யாருக்கும் கோவம் வராது."

"மாமா வூடு நல்ல எடந்தானே?" என்றேன்.

"நல்ல எடந்தான். நல்ல எடத்தவிட்டு யாரு எந்திரிச்சுப் போறாங்க?"

சாமி குத்தம் ஆகாதா என்று டிகிரி வாங்கிய டாக்டரான நான் கேட்டேன். "ஆச்சுன்னா எனக்குத்தான ஆவும்" என்று சொல்லிவிட்டு முறத்தைப் புடைக்க ஆரம்பித்தாள்.

எனக்குச் சிரிப்புத்தான் முதலில் வந்தது. அப்புறம் அழுகை வந்து நிற்கவே இல்லை. இதுதான் கடைசி வருஷம் என்று வந்த அந்தக் காகிதத்தை நானும் அப்பாவும் வாத்தியாரும் வரி வரியாகப் படித்தோம். கையெழுத்துக்கூடப் போடத் தெரியாத அம்மாவுக்குத்தான் அதில் என்ன இருக்கிறது என்று புரிந்திருக்கிறது. வீட்டில் யாருமே கருத்துக் கேட்காத அவள், எனக்காகச் சாமிக்கும் பயப்படாமல், பிறந்த வீட்டையும் இழக்காமல் அதைச் செய்துவிட்டு, பத்து வருஷம் வாயை மூடிக்கொண்டிருந்திருக்கிறாள். அவள் பக்கத்தில் உட்கார்ந்து மீதித் துவரையை உரித்தேன்.

இப்போதும் யாராவது ஒரு பெண் என்னிடம் வந்து, பரீட்சை மாறப்போகிறதாமே, இந்த வருஷம் எழுதுவதா, அடுத்த வருஷம் எழுதுவதா என்று கேட்டால், நான் பரீட்சையைப் பற்றி ஒன்றும் பேசுவதில்லை. நீ பொறுத்திருக்கும் அந்த ஒரு வருஷத்தில் உன் வீட்டில் என்ன நடக்கும் என்பதைத்தான் முதலில் கேட்கிறேன்.