ஜெலாப்பாங்கில் இறங்கிய அரை மணி நேரம்

என்னைப்போல் சிறுநீரகம் செயலிழந்து வாரம் மூன்று நாள் டயாலிசிஸ் செய்பவர்கள் வெளியூர் போக முடியுமா என்று பலர் கேட்கிறீர்கள். முடியும். சென்ற செப்டம்பரில் நானும் கணவர் சேவியரும் கிள்ளானிலிருந்து ஈப்போ போய் வந்தோம். கோப்பெங் பக்கம், முன்பு ரப்பர் தோட்டமாக இருந்து இப்போது எண்ணெய்க்கான செம்பனை நிற்கும் இடத்தில் ஒரு சிறிய மாதா கோயில். அங்கே ஆண்டுக்கொரு முறை நன்றிப் பூசை நடக்கும். மூன்று வருடம் என்னை உயிரோடு வைத்ததற்கு நன்றி சொல்ல வேண்டுமென்பது சேவியரின் ஆசை. எனக்கு அவ்வளவு ஆசை இல்லை. ஜெபமாலையைக் கையில் வைத்துக்கொண்டே 'ஏன் எனக்கு?' என்று ஆண்டவரிடம் சண்டை போடுகிறவள் நான்.

வெள்ளி மதியம் இரண்டு மணிக்கு கோலாலம்பூரின் கே.எல். சென்ட்ரலில் ரயில் ஏறினோம். இரண்டரை மணி நேரம், ஆளுக்கு 46 ரிங்கிட். சனி காலை 7 முதல் 11 வரை ஈப்போவில் ஒரு மையத்தில் டயாலிசிஸ், 250 ரிங்கிட். பன்னிரண்டு மணிக்குச் செயலி வழியாகக் கார் பிடித்தோம். ஓட்டுநர் முருகனுக்கு நாற்பது வயது இருக்கும். என் கைக்கட்டைக் கண்ணாடியில் பார்த்துவிட்டார்.

"அக்கா, கையில என்ன?"

"டயாலிசிஸ் முடிச்சிட்டு வாரேன்."

இரண்டு சிக்னல் தாண்டியதும் வண்டியின் வேகத்தைக் குறைத்தார். பிறகு சொன்னார்: "என் வீட்டுக்காரிக்கும் செய்யச் சொல்லிட்டாங்க. அதுக்காகக் கையில ஆபரேஷன் முடிஞ்சு ரெண்டு மாசம் ஆச்சு, போவ மாட்டேங்குறா லா. இனி தள்ளிப்போட்டா ஆபத்துன்னு டாக்டர் சொல்லிட்டாரு. பத்து நிமிஷம் வந்து பேசுறீங்களா அக்கா? ஜெலாப்பாங்தான்."

ஜெலாப்பாங் வடக்கே, கோப்பெங் தெற்கே. பூசை இரண்டு மணிக்கு. சேவியர் என் முகத்தைப் பார்த்தார். "போலாம்" என்றேன்.

முருகனின் மனைவி கலா வீங்கிய கால்களை நீட்டி சோபாவில் உட்கார்ந்திருந்தாள். "வலிக்குமாக்கா?" என்றாள்.

"ஊசி போடும்போது வலிக்கும். முதல் மாசம் ஒவ்வொரு தடவையும் அழுதேன்."

அவள் நிமிர்ந்தாள். "எல்லாரும் பயப்படாதன்னுதான் சொல்றாங்க. நீங்க ஒருத்தர்தான் வலிக்கும்னு சொன்னீங்க."

என் முன்கையில், ஊசி போடுவதற்காக ரத்தக்குழாய்களை இணைத்ததால் தோலுக்கு அடியில் ரத்தம் அதிர்ந்து ஓடும் இடத்தில் அவள் விரல்களை வைத்தேன். சட்டென்று இழுத்துக்கொண்டாள். பிறகு தானாகவே மறுபடி வைத்தாள்.

அவள் பார்வை என் ஜெபமாலைக்குப் போனது. "இவ்ளோ கும்பிடுறீங்க. உங்க சாமி ஏன் சுகமாக்கல?"

"தெரியல கலா. நானும் அதைத்தான் கேட்டுக்கிட்டே இருக்கேன். ஆனா ஒரு நாள்கூட என்னைத் தனியா விடல."

அதைச் சொன்ன பிறகுதான் அது உண்மை என்று எனக்கே தெரிந்தது. நான் அழுத அழுகையெல்லாம் இந்த வீட்டில் ஒருத்திக்குத் தேவைப்பட்டிருக்கிறது.

பத்து நிமிடம் அரை மணி நேரமானது. டயாலிசிஸுக்குப் போகிறேன் என்று கலா சொல்லவில்லை. "ஒரு நாளைக்கு எவ்ளோ தண்ணி குடிக்கலாம்?" என்று மட்டும் கேட்டாள்; டயாலிசிஸ் செய்பவர்களுக்குத் தண்ணீரும் அளவோடுதான்.

அங்கிருந்து 28 கிலோமீட்டர். பூசைக்குப் பத்து நிமிடம் முன்பே போய்ச் சேர்ந்தோம். ஃபாதர் மௌனமாக மன்றாடச் சொன்னபோது கலாவின் பெயர்தான் முதலில் வந்தது. அடுத்து வந்தது நன்றி. அன்று அதைச் சண்டையில்லாமல் சொன்னேன்.

கிளம்ப நினைப்பவர்கள் ஒரு மாதம் முன்பே வெளியூர் மையத்தில் இடம் கேட்டுவிடுங்கள். அண்மைய ரத்தப் பரிசோதனை முடிவுகளையும் டயாலிசிஸ் குறிப்பையும் கொண்டு போங்கள். சிகிச்சை முடிந்ததும் ஒரு மணி நேரமாவது உட்கார்ந்து ஓய்வெடுங்கள். ஈப்போ வெள்ளைக் காப்பி அரைக் கோப்பை போதும்.

அடுத்த வியாழன் காலை முருகனின் எண்ணிலிருந்து அழைப்பு. பேசியது கலா. பின்னால் இயந்திரத்தின் சத்தம் கேட்டது.

"அக்கா, ஊசி போட்டாச்சு. இன்னும் ஒரு மணி நேரம் இருக்கு. ஏதாச்சும் பேசுங்களேன்."

பேசிக்கொண்டிருந்தோம்.