ஒட்டியதும் உரித்ததும்

வாண்டா க்ருப்ஸ்கி அமெரிக்காவின் கனெக்டிகட்டில், விமான எஞ்சினுக்குள் சுழலும் டர்பைன் இறக்கைகள் செய்யும் தொழிற்சாலையில் ஆராய்ச்சியாளர். டர்பைனுக்குள் சீறும் நெருப்புக்காற்று தாக்காமல் இருக்க, இறக்கைகளுக்கு மேல் மெல்லிய வெள்ளைப் பீங்கான் பூச்சு பூசுவார்கள். அது உதிராமல் பார்த்துக்கொள்வது அவள் பொறுப்பு. உலையில் சுட்டு, ஆறவைத்து, மறுபடி சுட்டால் போதும், உதிர்ந்துவிடும். மேலாளர் க்ளென் டியர்னி துகள்களைக் கையில் அள்ளி, “வாண்டா, இது பூச்சா, பொடுகா?” என்று எல்லோர் முன்னாலும் கேட்பார்.

எல்லோரும் வெள்ளைப் பூச்சையே மாற்றி மாற்றிப் பார்த்தார்கள். வாண்டாவுக்கோ அதன் அடியில் இருந்த உலோகப் பூச்சின் மேல்தான் சந்தேகம். சூட்டில் அதன்மேல் துரு போல ஒரு தோல் வளர்ந்து, மேலே இருப்பதை நெட்டித் தள்ளியது. அதன் கலவையைச் சரிசெய்வதிலேயே அவளுக்குத் தலை நரைத்தது. கடைசியில் ஒரு குளிர்காலத்தில் உலையின் சூடேற்றும் கம்பிதான் எரிந்துபோனது, பூச்சு அப்படியே இருந்தது. க்ளென் துணைத் தலைவர் ஆனார். வாண்டாவுக்குக் கண்ணாடியில் செய்த ஒரு கேடயம் கிடைத்தது.

ஓடிக் களைத்த இறக்கைகள் சில வருடம் கழித்துப் பழுதுபார்க்கத் திரும்பி வந்தன. விரிசல் இருக்கிறதா என்று பார்க்கப் பூச்சை உரிக்க வேண்டும். அமிலத்துக்கு அது அசையவில்லை. மணலை வீசி அடித்தபோது இறக்கைதான் தேய்ந்தது.

க்ளென் அவளைக் கூப்பிட்டனுப்பினார். “எதுக்கு வாண்டா இவ்வளவு கெட்டியா ஒட்டி வச்சீங்க?”

“நீங்க கேட்டீங்களே.”

“கேட்டேன்தான். அதுக்குன்னு இப்படியா?”

பூச்சு உரிக்கும் பிரிவுக்கு அவளையே தலைவியாகப் போட்டார்கள். வீட்டில் அவள் கணவர் ரே, பியரோகிக் கொழுக்கட்டைகளை வாணலியில் புரட்டியபடி, “உலகத்துலயே தன்னோட வேலையைத் தானே கெடுக்கச் சம்பளம் வாங்குறவ நீதான்” என்றார். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை.

இரும்புக் கலனில் காரக் கரைசலை ஊற்றி, மூடி, அழுத்தத்தில் கொதிக்கவைத்தாள். திறந்தபோது பூச்சு மொத்தமும் அடியில் கிடந்தது. இறக்கையில் ஒரு கீறல்கூட இல்லை. உதவியாளர்கள் கைதட்டினார்கள். அவளோ, தான் பெற்றதைத் தானே கரைத்த மாதிரி, கலனின் அடியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவள் ஓய்வுபெற்ற நாளில், நிறுவனத்தின் புதிய தலைவர் அவளைப் ‘பூச்சு உரிப்பதில் நம் நாட்டின் முதல் நிபுணர்’ என்று புகழ்ந்தார். பூச்சைக் கண்டுபிடித்தது யார் என்று அவருக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை.

வண்டியில் ஏறியதும் ரே, “பூச்சைக் கண்டுபிடிச்சதும் நான்தான்னு நீ எழுந்து சொல்லியிருக்கலாம்ல?” என்றார்.

“சொல்லலாம்னுதான் இருந்தேன். அந்தப் பேரு கெட்டியா ஒட்டிக்கிட்டு, அப்புறம் அதையும் என்னையே உரிக்கச் சொன்னா என்ன பண்றது?” என்றாள் வாண்டா.