மடுல்கெல்ல இறக்கமும் சத்தம் போடாத பிரேக்கும்

மடுல்கெல்லைக்கு மலை பார்க்கப் போகிறவர்கள்தான் அதிகம். கடந்த மாதம் நான் போனது, ஒரு அம்மாவை மலையிலிருந்து கீழே கூட்டி வர. கண்டியில் என்னோடு ஒரே அலுவலகத்தில் வேலை செய்யும் மல்லிகாவின் தாய், பாக்கியம் அம்மா. இரண்டு கண்ணிலும் புரை. திங்கட்கிழமை காலை கண்டி ஆஸ்பத்திரியில் ஒரு கண்ணுக்கு ஒப்பரேஷன். ஏற்கெனவே இரண்டு முறை தேதி கிடைத்தும், பஸ்ஸில் அந்த இறக்கத்தில் வரப் பயந்து வீட்டிலேயே இருந்துவிட்டார். "மிஸ்ஸோட வான்னா வர்றேன்" என்று இந்த முறை தானாகவே சொல்லியிருந்தார். மிஸ் என்றால் நான்தான், மல்லிகாவை அடிக்கடி என் வானில் வீட்டுக்குக் கூட்டிப் போவேன். இதையும் தவறவிட்டால் அடுத்த தேதி எப்போது என்று யாருக்கும் தெரியாது.

என் வானுக்கு இருபது வயது தாண்டிவிட்டது. ஓட்டத்தில் குறை சொல்ல முடியாது. ஆனால் சில மாதங்களாக முன்சில்லு பிரேக்கை மிதித்தால் கிறீச்சென்று ஊரைக் கூட்டும். குண்டசாலையில் எங்கள் ஒழுங்கைக்குள் வானைத் திருப்பினால் தெரு நாய்கள் எல்லாம் எழுந்து நிற்கும். அந்தச் சத்தத்தோடு ஒரு நோயாளியை மலையிறக்க எனக்கு மனம் வரவில்லை.

அதனால் சனிக்கிழமை காலை எட்டரைக்கே அக்குறணைக்கு விட்டேன். அது மடுல்கெல்ல வழியில் இல்லை. கட்டுகஸ்தோட்டையில் மாத்தளை றோட்டுக்குத் திரும்ப வேண்டும். வாகனச் சாமான் எல்லாம் ஒரே இடத்தில் கிடைக்கும் என்பதால் அந்தச் சுற்று எனக்குப் பெரிதாகப் படவில்லை. கராஜ்காரர் ரிஸ்வான் நானா பெரிய வாயாடி. சில்லைக் கழற்றியதும் என்னைக் குனிந்து பார்க்கச் சொன்னார்.

"பேட் முடியல்ல மிஸ். ஆனா முகம் கண்ணாடி மாதிரி ஆயிட்டு. பேட்ட அழுத்துற கலிப்பர், அதுட பின்னும் காஞ்சி இறுகிட்டு. பேட் விலக வழியில்லாம டிஸ்க்கோட உரசிக்கிட்டே வருது. அப்ப கத்தாம என்ன செய்யும்?"

புதுப் பேட் போட்டார். டிஸ்க்கைத் துடைத்துத் துப்புரவாக்கினார். பின்களைச் சுரண்டி, சூடு தாங்கும் கிரீஸைத் தடவினார். பேட்டின் முதுகிலும் மெல்லியதாக ஒரு பூச்சு. முகத்தில் மட்டும் ஒரு துளி படக்கூடாதாம், பட்டால் பிரேக் வழுக்கும். சாமானும் கூலியும் சேர்த்து பதினாலாயிரத்து ஐந்நூறு ரூபாய். மதியத்துக்குள் வேலை முடிந்தது.

"இனி நீங்க வர்றது வீட்டு ஆக்களுக்கே தெரியாது!" என்று சிரித்தார். நானும் சிரித்தேன்.

ஞாயிறு மதியம் ஒரு மணிக்கு மல்லிகாவை ஏற்றிக்கொண்டு புறப்பட்டேன். வத்தேகம, பன்வில வழியாக சுமார் ஒன்றரை மணிநேரம். பன்வில தாண்டினால் பாதை ஒடுங்கிவிடும். ஒரு பக்கம் தேயிலை, மறுபக்கம் பள்ளம், மேலே மேகத்துக்குள் தலையை நுழைத்த மலைகள். எத்தனை முறை போனாலும் அந்த இடத்தில் நான் வேகத்தைக் குறைத்துவிடுவேன். வழக்கமாக வான் போய் நிற்கும்போது பாக்கியம் அம்மா பிளேன்டீயோடு வாசலில் நிற்பார். அன்று யாரையும் காணவில்லை. நாங்கள் உள்ளே போனதும், "எப்ப வந்தீங்க?" என்று திடுக்கிட்டார்.

நாலு மணிக்கு இறங்கத் தொடங்கினோம். தேயிலை ஃபேக்டரி வளைவில் பிரேக்கை மிதித்தேன். வான் பூப்போல அடங்கியது. எனக்குப் பெருமை தாங்கவில்லை.

பின்னாலிருந்து, "மிஸ், வண்டிய நிப்பாட்டுங்க!"

நிறுத்தித் திரும்பினால், பாக்கியம் அம்மா கதவுப் பிடியைத் தேடிக்கொண்டிருக்கிறார்.

"சத்தத்தையே காணோமே! பிரேக்கு புடிக்குதா இல்லியா? கண்ணுதான் தெரியல. அந்தச் சத்தத்த நம்பித்தானே ஒங்க வண்டியில வர்றேன்னு சொன்னேன்! நான் எறங்கிக்கிறேன்."

"அம்மா, சத்தம் போடாம இருக்கிறதுதான் நல்ல பிரேக்கு," என்று மல்லிகா கெஞ்சினாள்.

"ஒனக்குக் கண்ணு இருக்கு, நீ சொல்லுவ. மிஸ் மேல வர்றப்ப ஓடப் பாலத்துல ஒரு கத்து, ஃபேக்டரி வளைவுல ஒன்னு, கோயில்கிட்ட ஒன்னு. கோயில் சத்தம் கேட்டாத்தான் நான் தேத்தண்ணிக்கு அடுப்பு மூட்டுவேன்."

நான் வெட்கப்பட்ட அந்தக் கிறீச்சு, இந்த அம்மாவுக்கு ஒரு முழுப் பாதையாக இருந்திருக்கிறது. அதைத்தான் காசு கொடுத்து அழித்துவிட்டு வந்திருக்கிறேன். இவர் இறங்கி நடந்தால் நாளைய ஒப்பரேஷனும் போய்விடும்.

"அம்மா, நான் பிரேக் பிடிக்கேக்க எல்லாம் வாயால சொல்லுறன். சொல்லாட்டி இறங்குங்கோ," என்றேன்.

கொஞ்சம் யோசித்தார். "சரி, சொல்லுங்க."

"பிடிக்கிறன் அம்மா."

"ம்ம்."

"பிடிக்கிறன் அம்மா."

"ம்ம்."

கொஞ்ச தூரத்திலேயே மேகம் இறங்கி மூடியது. லைட் போட்டும் பத்தடிக்கு மேல் தெரியவில்லை. அப்போது பின்னாலிருந்து, "தண்ணி சத்தம் கேக்குது. ஓடப் பாலத்து வளைவு வந்திருச்சு, புடிங்க" என்றார். மிதித்தேன். பாலத்தின் கல் வெளிச்சத்தில் எழும்பியது. பன்வில வரை அந்த அம்மா சொல்லச் சொல்ல நான் பிடித்தேன், நான் பிடித்ததை அவருக்குச் சொன்னேன். கடைசியில் எனக்குத் தொண்டை கட்டிவிட்டது.

நீங்கள் பழைய வானில் போவதானால், பிரேக் கத்தினால் எண்ணெய் அடித்து அடக்கப் பார்க்காதீர்கள், அது ஆபத்து. கழற்றிப் பார்ப்பதுதான் வழி. புதுப் பேட் போட்டதும் சமதரையில் மெதுவாகப் பல தடவை நிறுத்திப் பழக்கிவிட்டு மலைக்குப் போங்கள். இறக்கத்தில் இரண்டாம் கியர் போதும், பிரேக்கிலேயே கால் வைத்திருந்தால் சூடாகிவிடும். மூன்று மணிக்கு முன் இறங்கிவிடுங்கள், அதற்குப் பிறகு மேகம் வரும். பின்னால் யார் இருக்கிறார்கள் என்பதையும் யோசியுங்கள்.

ஒப்பரேஷன் நன்றாக முடிந்தது. அடுத்த ஞாயிறு கறுப்புக் கண்ணாடியோடு அவரை முன் சீட்டில் இருத்தி மேலே கூட்டிப் போனேன். ஏற்றத்தில் பிரேக்குக்கு அதிகம் வேலை இல்லை. ஓடைப் பாலத்துக்கு முன்னால் சின்ன இறக்கம். பழக்க தோஷத்தில், "பிடிக்கிறன் அம்மா" என்றேன்.

திரும்பிப் பார்த்தேன். கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு, பள்ளத்தையும் அதற்கு அப்பால் மலையையும் பார்த்துக்கொண்டிருந்தார்.

"பேசாம ஓட்டுங்க மிஸ்," என்றார். "பாத்துக்கிட்டு இருக்கேன்."